வேலை விளம்பரத்தில் 'இருமொழி' என்று இருந்தால்: கனடாவுக்கு வந்த தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

மொன்றியலில் புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு ரெசுமே எழுதிக் கொடுப்பதும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் பல வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. கேள்விகள் அநேகமாக ஒன்றுதான், கேட்கும் முகங்கள்தான் மாறுகின்றன. மொழி பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது பிரெஞ்சு பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணம் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ரொறொன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும் போகிறவர்களுக்கும் பதில்கள் உண்டு.

விளம்பரத்தில் 'இருமொழி அவசியம்' என்று போட்டிருக்கிறார்கள். எந்த இரண்டு மொழி?

இடத்தைப் பொறுத்தது. மொன்றியலில் அந்தச் சொல் வந்தால் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஒட்டாவாவில் மத்திய அரசு வேலை என்றாலும் அதே இரண்டுதான், ஆனால் அங்கே அதற்கென்று தனித் தேர்வும் மட்டமும் இருக்கின்றன. ரொறொன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறியோருக்கு உதவும் நிலையமோ மருந்தகமோ கேட்டால், ஆங்கிலமும் தமிழும் என்றுகூட இருக்கலாம்.

இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு விளம்பரத்தை மூடிவிடுகிறவர்களே அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். அதன் பின்னால் மூன்று வேறு விஷயங்கள் இருக்கக்கூடும்: சட்டம் கேட்பது, முதலாளி கேட்பது, அந்த வேலைக்கு உண்மையாகவே தேவைப்படுவது. மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு 'இருமொழி' என்று போட்டிருந்தார்கள். போய் விசாரித்தால், மேற்பார்வையாளர் சொல்வதைப் புரிந்துகொண்டால் போதும், அவர் பேசுவது பிரெஞ்சு மட்டும் என்றார்கள். அதாவது அங்கே வேண்டியிருந்தது ஒரு மொழிதான், அதிலும் கேட்டுப் புரியும் அளவுக்குத்தான்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மொன்றியலில் அது போதாதா?

வாழலாம். கடைக்குப் போகலாம், வைத்தியரிடம் பேசலாம், பேருந்தில் வழி கேட்கலாம். 2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசக்கூடியவர்கள் 18 விழுக்காடு, கியூபெக்கில் மட்டும் அது 46.4 விழுக்காடு. மொன்றியல் நகரில் இன்னும் கூடுதலாகவே இருப்பார்கள். நீங்கள் பிரெஞ்சில் தடுமாறினால் எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

அந்த வசதிதான் நம்மைத் தேக்கிவிடுகிறது. 20 வருடம் கோட்-டே-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் வாழ்ந்துவிட்டு, இன்னும் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் மனிதர்கள் எனக்குத் தெரியும். அவர்களில் ஊரில் ஆசிரியராக இருந்தவர் உண்டு, கணக்காளராக இருந்தவர் உண்டு. சமையலறைக்கு ஆங்கிலமும் தமிழும் போதும். அங்கிருந்து பத்து அடி தள்ளி, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்துக்கு வருவதற்குத்தான் பிரெஞ்சு வேண்டும். சம்பள வித்தியாசமும் அந்தப் பத்து அடியில்தான் இருக்கிறது.

கியூபெக்கில் ஒரு முதலாளி என்னிடம் ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று கேட்கலாமா?

நினைத்தபடி கேட்க முடியாது. 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தை எல்லோரும் '101' என்று சொல்வார்கள். 2022இல் '96' என்ற சட்டம் அதை இறுக்கியது. அதன்படி, ஒரு வேலைக்குப் பிரெஞ்சு தவிர வேறு மொழி வேண்டும் என்று முதலாளி கேட்டால், அந்த வேலையின் தன்மையே அதைக் கோர வேண்டும். அப்படி ஒரு நிபந்தனையைப் போடாமல் சமாளிப்பதற்கு நியாயமான வழிகள் எல்லாவற்றையும் அவர் முதலில் பார்த்திருக்கவும் வேண்டும். உண்மையான மொழித் தேவை என்ன என்று மதிப்பிட்டாரா, ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர்களின் மொழியறிவு அதற்குப் போதாதா, அந்த நிபந்தனை உள்ள இடங்களை முடிந்தவரை குறைத்தாரா என்ற மூன்றையும் காட்ட வேண்டும். விளம்பரத்திலேயே ஏன் ஆங்கிலம் தேவை என்ற காரணத்தையும் எழுத வேண்டும்.

ஆகவே விளம்பரத்தை வாசிக்கும்போது அந்தக் காரண வரியைத் தேடுங்கள். 'ஒன்டாரியோவில் உள்ள வாடிக்கையாளர்களுடன் தினமும் தொலைபேசியில் பேச வேண்டும்' என்று இருந்தால் அது உண்மையான தேவை, உங்கள் ஆங்கிலத்துக்கு அங்கே விலை உண்டு. காரணமே இல்லை என்றால், எழுதிப் பழகிய வரியை யோசிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தைரியமாக விண்ணப்பியுங்கள். தேவையில்லாமல் ஆங்கிலம் கேட்டு உங்களை ஒதுக்கினார்கள் என்று தோன்றினால் தொழிலாளர் நியமங்களைக் கவனிக்கும் சிஎன்இஎஸ்எஸ்டி அமைப்பிடம் முறையிடலாம். அதற்குக் கால வரம்பு குறுகியது, ஆறப்போட வேண்டாம்.

அப்படியென்றால் பிரெஞ்சு தெரியாது என்று என்னை நிராகரிப்பதும் தவறுதானே?

இல்லை. சாசனம் காப்பது பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமையை. கியூபெக்கில் பிரெஞ்சு கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சில் சேவை கொடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு.

அதோடு நிறுவனங்களின் மேலும் அழுத்தம் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பிரெஞ்சைப் பொது வேலைமொழியாக்கியதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்பது பழைய விதி. 2025 ஜூன் 1 முதல் 25 பேர் வேலை செய்யும் இடங்களும் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிய வேண்டும். 5 பேர் உள்ள சிறு கடைகூடத் தன்னிடம் பிரெஞ்சு பேச முடியாதவர்கள் எத்தனை விழுக்காடு என்று வருடாந்தப் பதிவில் தெரிவிக்க வேண்டும். நம்மவர்களின் மளிகைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இது பொருந்தும். முன்பு 'வா தம்பி, மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சேர்த்துக்கொண்ட அண்ணைமார் இப்போது தயங்குவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மீது கோபப்படாதீர்கள்.

மொழிச் சட்டம் என்றாலே என் அப்பாவுக்கு இரத்தம் கொதிக்கிறது. '56இல் பட்டது போதும், இங்கேயும் அதுவா?' என்கிறார். என்ன சொல்வது?

என் அப்பாவும் அதையே சொன்னார். இலங்கையில் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அரச வேலையில் இருந்த தமிழர்கள் சிங்களத்தில் தேர்ச்சி காட்டாவிட்டால் சம்பள உயர்வை இழந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, அலுவலகத்தில் ஒருவர் 'எங்கள் மொழியில் பேசு' என்று சொன்னாலே காது சிவக்கும். அந்த வலியைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இலங்கையில் தமிழர் அந்த மண்ணின் மக்கள். தங்கள் ஊரிலேயே, தங்கள் மொழியில் அரசோடு பேசும் வாய்ப்பைத்தான் பறிகொடுத்தார்கள். இங்கே நாம் வந்து சேர்ந்தவர்கள். இங்குள்ள பிரெஞ்சுக்காரர்களோ, வட அமெரிக்கா முழுவதும் ஆங்கிலம் சூழ்ந்திருக்க, ஒரு மாகாணத்தில் மட்டும் பெரும்பான்மையாக இருப்பவர்கள். 1960களில்கூட மொன்றியலின் பெரிய நிறுவனங்களில் மேலாளர் ஆங்கிலத்தில் கட்டளையிட, பிரெஞ்சுக்காரத் தொழிலாளி தன் ஊரிலேயே இரண்டாம்பட்சமாக நின்றார். சாசனம் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. தன் மொழி அழிந்துவிடுமோ என்ற பயத்தை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்? இதை அப்பாவிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொன்ஜூர் சொல்ல ஆரம்பித்தார்.

சட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் நான் ஆதரிக்கிறேன் என்று இதற்குப் பொருள் இல்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

வந்து ஆறு மாதம் ஆனதும் அரசு என்னோடு பிரெஞ்சில் மட்டும்தான் பேசுமாமே?

ஆம். 2023 ஜூன் 1 முதல் அதுதான் பொது விதி. வந்த முதல் ஆறு மாதம் வேறு மொழியில் தொடர்புகொள்ளலாம், பிறகு பிரெஞ்சு மட்டும். உடல்நலம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி (உங்கள் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு) சம்பந்தப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. மருத்துவமனையில் உங்கள் நோயைப் பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, பயப்பட வேண்டாம்.

ஆறு மாதம் போதாது என்பது என் உறுதியான கருத்து. வந்த ஆறு மாதத்தில் ஒரு குடும்பம் வீடு தேட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், குளிருக்குச் சட்டை வாங்க வேண்டும், இரவு வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் வரி அலுவலகத்தின் கடிதத்தை வாசிக்கும் அளவுக்குப் பிரெஞ்சு வந்துவிடாது. அதுவரை கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். தெரிந்த யாரிடமாவது அன்றே காட்டுங்கள். கெடு தேதி கடந்த கடிதங்களோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

பிரெஞ்சை எங்கே படிப்பது? காசு எவ்வளவு?

காசு வேண்டாம். பிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரசு நுழைவாயில் 2023 ஜூனில் இருந்து இயங்குகிறது. பதிவு அதன் வழியாகத்தான். முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என்று மூன்றும் உண்டு. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் மட்டுமல்ல, அகதிக் கோரிக்கை வைத்தவர்களும் தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களும் சேரலாம். முழுநேர வகுப்புக்குப் போனால் வாராந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வேலைத்தலத்திலேயே வகுப்பு நடத்த முதலாளி கேட்டுப் பெறும் வழியும் இருக்கிறது.

இப்போது கசப்பான பகுதி. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். 2024 இலையுதிர் காலத்தில் பணம் போதாமல் பல பள்ளி மையங்களில் வகுப்புகளையே மூடினார்கள். படி என்று சட்டம் போட்டுவிட்டு வகுப்பை மூடுவது எந்த நியாயத்திலும் சேராது. அதனால்தான் சொல்கிறேன், தேவைப்படும்போது பதியலாம் என்று இருக்காதீர்கள். வந்த வாரமே பதிந்துவிடுங்கள். காத்திருக்கும் காலத்தில் நகர நூலகங்களில் நடக்கும் இலவச உரையாடல் வட்டங்களுக்குப் போங்கள்.

தமிழ் பேசுகிறவருக்குப் பிரெஞ்சு எங்கே கஷ்டம், எங்கே சுலபம்?

இதைப் பற்றி ஒரு நாள் முழுவதும் பேசுவேன், நானே பட்டுப் படித்தது.

சுலபத்திலிருந்து தொடங்குகிறேன். 'டூ', 'வூ' என்ற இரண்டு முன்னிலைச் சொற்கள் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைப் படாதபாடு படுத்தும். நமக்கு அது நீயும் நீங்களும்தான். யாரை எப்படி அழைப்பது என்ற உணர்வு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கியூபெக்கில் கூட வேலை செய்கிறவர்கள் மிகச் சீக்கிரம் 'டூ'வுக்கு இறங்கிவிடுவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, நெருக்கம். வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறுவதும் நமக்குப் புதிதல்ல. போகிறேன், போகிறாய், போகிறார் என்று வாழ்நாள் முழுவதும் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்.

கஷ்டம், முதலாவது, ஒலி. நம் எழுத்தில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே 'ப'தான். பிரெஞ்சில் மீனுக்கும் பானத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'புவாசோன்' என்றுதான் வரும். ஒன்று உதட்டை இறுக்கிச் சொல்லும் 'ப', மற்றது தொண்டை அதிரும் 'ப'. உணவகத்தில் இந்த வித்தியாசம் தட்டில் தெரியும். நான் பரிமாறத் தொடங்கிய முதல் வாரத்தில் பானம் கேட்ட அம்மையாருக்கு மீன் கொண்டுபோய் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு, என் முன்னால் இரண்டு சொல்லையும் பத்து முறை மெதுவாகச் சொல்லிக் காட்டினார். இன்றுவரை அந்தச் சொற்களை நான் தவறவிட்டதில்லை. அதனால் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடம் செய்யாதீர்கள். காதால் படியுங்கள்.

இரண்டாவது, மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால், பெண்பால். தமிழில் உயிரில்லாதது எல்லாம் ஒன்றன்பால், 'அது' என்றால் முடிந்தது. அங்கே ஒவ்வொரு சொல்லோடும் அதன் பாலையும் சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆனால் பாலைத் தவறாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு விளங்கும். வேலை போகாது. அதற்கு அஞ்சி வாயைத் திறக்காமல் இருந்தால்தான் வேலை போகும்.

மூன்றாவது, எண்கள். எழுபது என்பது அறுபது-பத்து. எண்பது என்பது நாலு-இருபது. தொண்ணூற்றொன்பது என்றால் நாலு-இருபது-பத்தொன்பது. தொலைபேசி இலக்கத்தை ஒருவர் வேகமாகச் சொல்லும்போது, 'அறுபது' என்று எழுதத் தொடங்கிய பிறகு 'பத்து' வந்து விழும். வாடிக்கையாளர் சேவை வேலைக்கான நேர்முகத்தில் இலக்கம் சொல்லி எழுதச் சொல்வது வழக்கம். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி தினமும் பத்து இலக்கம் எழுதிப் பழகுங்கள்.

கடைசியாக, புதுச்சேரியிலோ சென்னையிலோ பாரிஸ் பிரெஞ்சு படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே முதல் வாரம் திகைத்துப்போவார்கள். உச்சரிப்பு வேறு, அன்றாடச் சொற்கள் வேறு. மூலைக்கடையை இங்கே 'தெப்பான்னர்' என்பார்கள், காரை 'ஷார்' என்பார்கள். நீங்கள் படித்தது வீணாகவில்லை. உள்ளூர் வானொலியை ஒரு மாதம் ஓடவிடுங்கள், காது திறந்துவிடும்.

நான் தாதியாக வேலை செய்தவள். கியூபெக்கில் தொழிலைத் தொடரப் பிரெஞ்சு எவ்வளவு வேண்டும்?

தாதியர், பொறியியலாளர், கணக்காளர் போன்ற தொழில்களுக்குத் தொழிற்சங்கம் அல்ல, தொழிலாண்மைக் கழகம் ஒன்று உரிமம் தருகிறது. அது உரிமம் தருவதற்கு, தொழிலைச் செய்யப் போதுமான பிரெஞ்சு இருக்க வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேலோ குறைந்தது மூன்று வருடம் முழுநேரமாகப் பிரெஞ்சு வழியில் படித்திருந்தால் தேர்வு தேவையில்லை. மற்றவர்கள் பிரெஞ்சு மொழி அலுவலகத்தின் தேர்வை எழுத வேண்டும். வெளிநாட்டில் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு வருடத்துக்குத் தற்காலிக உரிமம் உண்டு, நிபந்தனைகளோடு மூன்று முறை வரை புதுப்பிக்கலாம்.

தேர்வு இலக்கியத்தைக் கேட்காது. நோயாளியின் நிலையை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பது போன்ற தொழில் சூழலை வைத்துத்தான் இருக்கும். ஆகவே பொது வகுப்பு மட்டும் போதாது. முதலில் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தவர்கள், வெளியே மொழியை மட்டும் படித்தவர்களைவிட சீக்கிரம் தேறியதைக் கண்டிருக்கிறேன்.

ஒட்டாவாவில் மத்திய அரசு வேலைக்கு இருமொழி கட்டாயமா?

எல்லா வேலைக்கும் இல்லை. 1969இல் வந்த அதிகாரபூர்வ மொழிகள் சட்டம் சேவையைப் பற்றியது. மக்கள் எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் அரசு பதில் சொல்ல வேண்டும். அதற்காக எல்லா ஊழியரும் இரண்டு மொழியும் பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு பதவிக்கும் நான்கில் ஒரு குறிப்பு இருக்கும்: ஆங்கிலம் அவசியம், பிரெஞ்சு அவசியம், இரண்டில் ஏதாவது ஒன்று, இருமொழி. முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

இருமொழிப் பதவி என்றால் 'பி-பி-பி', 'சி-பி-சி' போன்ற எழுத்துகளைக் காண்பீர்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற வரிசையில் உங்கள் இரண்டாம் மொழிக்குத் தேவைப்படும் மட்டம் அது. ஏ தொடக்கம், பி நடுத்தரம், சி உயர்ந்தது. தேர்வு முடிவு ஐந்து வருடம் செல்லும். மேற்பார்வைப் பதவிகளுக்கு, இருமொழிப் பிரதேசங்களில், 2025 ஜூன் 20 முதல் புதிய நியமனங்களுக்குக் குறைந்தது சி-பி-சி வேண்டும். வேலையில் சேர்ந்து மேலே போக ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். பத்து வருடம் நன்றாக வேலை செய்துவிட்டு, பதவி உயர்வு வரும்போது பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வின் முன்னால் நிற்கிறார்கள். சேர்ந்த முதல் வருடமே மொழிப் பயிற்சி கேட்டு வாங்குங்கள்.

சில இருமொழிப் பதவிகளில் சேரும்போதே மட்டம் இருக்க வேண்டும். சிலவற்றில் சேர்ந்த பிறகு இரண்டு வருடத்துக்குள் எட்டலாம். விளம்பரத்தில் எது என்று எழுதியிருப்பார்கள். இருமொழிப் பதவியில் தகுதி பெற்றவர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை வருடத்துக்கு 800 டொலர். 1970களில் முடிவான அந்தத் தொகை இன்னும் ஏறவில்லை. அதற்காக யாரும் பிரெஞ்சு படிப்பதில்லை, பதவிக்காகத்தான் படிக்கிறார்கள்.

நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குப் பிரெஞ்சு படித்தால் பயன் உண்டா?

பெரிய பயன். முதலில் ஒன்று: புள்ளி கணக்கிட்டுக் குடியேற அழைக்கும் மத்திய அரசின் இந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை கியூபெக்குக்கு வெளியே குடியேற நினைப்பவர்களுக்கு. கியூபெக் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் (கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து) என்சிஎல்சி என்ற கனடிய அளவுகோலில் மட்டம் 7 எடுத்து, ஆங்கிலத்துக்கான சிஎல்பி அளவுகோலில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், கூடுதலாக 50 புள்ளி. இரண்டாம் மொழிக்கான புள்ளியாக இன்னும் 12 சேரும். மொத்தம் 62. அதைவிடப் பெரியது, 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மட்டும் தனி அழைப்புச் சுற்றுகள் நடக்கின்றன. 2024 பெப்ரவரியில் ஒரு சுற்று 336 புள்ளிக்கே அழைத்தது. அந்தக் காலத்தில் பொதுச் சுற்றுகள் 500க்கு மேல் நின்றன.

தேர்வுகள் டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற இரண்டு. டிசிஎஃப் என்றால் மட்டம் 7க்குக் கேட்டலில் 458, வாசிப்பில் 453, எழுத்திலும் பேச்சிலும் 20க்கு 10 வேண்டும். முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். ஒரேயொரு திறனில் தவறினாலும் அந்த 50 புள்ளி கிடைக்காது, அதிகம் பேர் தவறுவது எழுத்தில்.

மூன்று மாதத்தில் மட்டம் 7 என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு, பூச்சியத்திலிருந்து ஒன்று முதல் இரண்டு வருடம் பிடிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ரொறொன்ரோவுக்குப் போனால் பிரெஞ்சை மறந்துவிடலாமா? அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள்?

அநேகமான வேலைகளுக்கு ஆம். அங்கே தேவை ஆங்கிலம், அதிலும் தொலைபேசி ஆங்கிலம். ஆனால் வங்கிகளின் அழைப்பு நிலையங்களிலும் நாடு முழுவதும் சேவை செய்யும் நிறுவனங்களிலும் பிரெஞ்சு தெரிந்தவருக்கு எப்போதும் தட்டுப்பாடு.

தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. குடியேறியோர் சேவை, முதியோர் இல்லம், மருத்துவமனை, நீதிமன்ற மொழிபெயர்ப்பு என்று பல இடங்களில் 'தமிழ் தெரிந்தால் நல்லது' என்று விளம்பரத்திலேயே வரும். அதை ரெசுமேயில் எழுத வெட்கப்படுகிறவர்களைப் பார்த்து நான் கவலைப்பட்டிருக்கிறேன். எழுதுங்கள், வாசிக்க, எழுத, பேச முடியும் என்று மூன்றையும் எழுதுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குப் பேச்சு மட்டும்தான் வரும். ஆகவே எழுத்துத் தமிழ் உங்கள் பலம்.

என் உச்சரிப்பைக் காரணம் சொல்லி மறுத்தால்?

வேலைக்கு உச்சரிப்பு உண்மையிலேயே தடையா என்பதுதான் கேள்வி. கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் மொழியையே பாகுபாட்டுக்கான தடைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஒன்டாரியோவில் மொழி தனியாக இல்லை, ஆனால் இனம், பிறந்த இடம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி முறையிடலாம். என்ன சொன்னார்கள், யார், எந்தத் தேதி என்று அன்றே எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து சொன்னால் வழக்கு நிற்காது.

பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கலாமா?

கியூபெக்கில் பொதுவாக முடியாது. தாயோ தந்தையோ கனடாவில் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் அரச ஆங்கிலப் பள்ளி. தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதிகபட்சம் மூன்று வருட விலக்கு உண்டு. கவலை வேண்டாம். தமிழை மட்டும் வீட்டில் விடாமல் பேசுங்கள். அந்தப் பிள்ளைகள் மூன்று மொழியோடு வளர்வார்கள், ஆங்கிலம் தானாக வந்துவிடும்.

அம்மாவுக்கு 57 வயது. குடியுரிமைக்கு மொழித் தேர்வு எழுத வேண்டுமா?

வேண்டாம். 18 முதல் 54 வயது வரைதான் அந்த நிபந்தனை. அவர்களுக்கும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் கேட்டல், பேசுதல் மட்டும், மேலே சொன்ன அளவுகோல்களில் மட்டம் 4 போதும்.

ரெசுமேயில் 'இருமொழி' என்று போட்டுவிடலாமா? கொஞ்சம்தான் பிரெஞ்சு தெரியும்.

போடாதீர்கள். தொலைபேசியில் அழைப்பவர் முதல் நிமிடத்திலேயே பிரெஞ்சுக்கு மாறுவார். அங்கே தடுமாறினால் பிரெஞ்சு மட்டுமல்ல, ரெசுமேயில் உள்ள மற்ற வரிகளும் பொய்யாகத் தெரியும். நடப்பதை எழுதுங்கள்: 'பிரெஞ்சு: வகுப்பு மட்டம் 4, வாடிக்கையாளருடன் அன்றாட உரையாடல் முடியும், எழுத்தில் உதவி தேவை.' இந்த ஒரு வரியைப் பார்த்தே அழைத்த முதலாளிகள் உண்டு. என்ன முடியும், என்ன முடியாது என்று அவர்களுக்கு அதில் தெளிவாகிவிடுகிறது.

அழைப்பு வந்து, அவர் வேகமாகப் பேசினால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம். நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் இது: 'எக்ஸ்கூஸே-முவா, ஜாப்ரான் லு பிரான்சே. பூவே-வூ பார்லே ப்ளூ லாந்த்மான்?' மன்னிக்கவும், பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா என்று பொருள். தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள் என்று மேலே சொன்ன நானே இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இது மட்டும் இன்றைக்கே தேவை. சமையலறையில் வேலை செய்த ஒரு தங்கச்சி இதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துப் பழகினார். நேர்முகத்தில் அவர் இதைச் சொன்னதும் எதிரில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக மெதுவாகப் பேசத் தொடங்கினாராம். அடுத்த திங்கட்கிழமை இவர் காசாளர் வேலையில் சேர்ந்தார்.